அனுப்பியாயிற்று

தமிழில் ‘ஆயிற்று’ என்றொரு துணைவினை உண்டு. சாப்பிட்டாயிற்று, குளித்தாயிற்று, கடிதம் போட்டாயிற்று. வேலை முடிந்துவிட்டது என்பதை அது அழுத்திச் சொல்லும். முடித்தவர் யார் என்பதைச் சொல்லாது. எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிறைவு பெற்றுவிடும். வகுப்பில் துணைவினைகளை நடத்தும்போது இப்போதெல்லாம் நான் தரும் எடுத்துக்காட்டு ‘அனுப்பியாயிற்று’. மாணவர்கள் உடனே புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் எது என்று யாரும் சொல்லவில்லையே என்று கேட்டால், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பியாயிற்று. உதவித்தொகைப் பணம் வரவில்லையே என்றால், வங்கிக்கு அனுப்பியாயிற்று. ஆற்றில் வெள்ளம் வரும் என்று தெரியாதே என்றால், எச்சரிக்கை அனுப்பியாயிற்று.

கடந்த கால் நூற்றாண்டில் நம் ஊர்ப்புறங்களுக்கு வந்து சேர்ந்த கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். மூன்று நாளில் போன மடல் மூன்று நொடியில் போகிறது என்பார்கள். அது உண்மைதான், அதை மறுக்க நான் யார்? ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் மாற்றம் வேறு. ‘சொல்லுதல்’ என்ற வினை, கேட்டவர் காதில் விழுந்தபிறகே முடிந்ததாகக் கருதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அது அனுப்புகிறவரின் விரல் திரையைத் தொட்டதுமே முடிந்துவிடுகிறது. மறுமுனையில் ஒருவர் இருந்தாரா, படித்தாரா, படிக்கத் தெரிந்தவரா, படித்ததைக் கொண்டு ஏதாவது செய்ய முடிந்ததா என்பதெல்லாம் அனுப்பியவரின் பொறுப்பிலிருந்து கழன்றுவிட்டன. இதைப் பேசுவதற்கு நான் அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ போக வேண்டியதில்லை. நான் வாழும் செல்லிப்பட்டும் அதைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களும் போதும். இதற்கு நேர்மாறான ஒரு முயற்சியும் இதே மண்ணில்தான் நடந்தது.

அதற்குமுன் இலக்கிய மாணவன் என்ற முறையில் ஒரு சிறு விலகல். மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதை. புகார் நகரில் இந்திர விழா நடக்கப்போவதை முரசறைந்து அறிவிப்பதுதான் அதன் பொருள். யானையின் மீது முரசை ஏற்றி, நகரை வாழ்த்திவிட்டு, தெருக்களில் பழைய மணலை நீக்கிப் புதுமணல் பரப்பச் சொல்வதிலிருந்து, பகைமையும் பூசலும் இல்லாமல் விழா நாள்களைக் கழிக்கச் சொல்வது வரை, ஒவ்வொருவரும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லுகிறான் அறிவிப்பவன். இதைப் பாடமாக நடத்தும்போது அலங்காரத்தையே பேசிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் பிடித்தது, செய்தியை எடுத்துக்கொண்டு ஓர் ஆள் தெருத்தெருவாகப் போக வேண்டியிருக்கிறது என்பதுதான். போகாமல் ‘சொல்லியாயிற்று’ என்று அவன் சொல்ல முடியாது. போகிற இடத்தில் முகங்களைப் பார்க்கிறான். புரியாதவன் அங்கேயே கேட்கலாம்.

இதைச் சொன்னவுடன் பழம்பெருமை பேசுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். காவியத்து முரசு வேறு, நம் ஊர்களின் தண்டோரா வேறு. ஊருக்குப் பறையடித்துச் செய்தி சொல்லும் வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. கோயில் திருவிழாவை ஊருக்கெல்லாம் அறிவித்தவர், அதே திருவிழாவில் எல்லையில் நிறுத்தப்பட்டார். 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அது எப்போதோ நடந்திருக்க வேண்டியது. அந்தக் கடிதம் மாற்று வழியையும் சொன்னது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்: வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்றது. இழிவு பறையில் இல்லை, அதை ஒருவர் தலையில் கட்டியதில்தான் இருந்தது. இழிவை நீக்கிய பிறகும், தெருவுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்ற கடமை அப்படியே நின்றது.

இனி வில்லியனூர். 1998-இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் நிதியுதவியோடு, வில்லியனூரை நடுவமாக வைத்துத் ‘தகவல் கிராமம்’ என்ற ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்த ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். கைபேசி பணக்காரர் கையில் மட்டும் இருந்தது. இணையம் என்பது தொலைபேசிக் கம்பி வழியாகக் கிறீச்சிட்டபடி வந்து, பாதியில் அறுந்துபோகும் ஒன்று. அத்தகைய காலத்தில் கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் கணிப்பொறி வைத்த தகவல் மையங்களை அமைத்தார்கள். கம்பியை நம்ப முடியாத இடங்களில் வி.எச்.எஃப். ரேடியோவைக் கொண்டு வில்லியனூரோடு இணைத்தார்கள். அதே ரேடியோவில் பேச்சும் போனது, எழுத்தும் போனது. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய ஒளித் தகடுகள். (கீழூர் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1954 அக்டோபர் 18 அன்று 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்ததும், 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு ஆதரவு தந்ததும் அந்த ஊரில்தான். புதிய ஏற்பாடுகளை முதலில் தொட்டுப் பார்க்கும் ராசி அந்த ஊருக்கு இருக்கிறது போலும்.)

கருவிகளைவிட அந்தத் திட்டத்தின் நிபந்தனைகள்தாம் எனக்கு வியப்பூட்டுகின்றன. இடத்தை ஊர் தர வேண்டும், வாடகை கேட்கக் கூடாது. மையத்தை நடத்துகிறவர்களை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்களில் பெண்களும் இருக்க வேண்டும். எந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் உள்ளே விட வேண்டும். எம்பலத்தில் கோயிலுக்குரிய இடத்தில் மையம் அமைந்தது, பெண்கள் அதை நடத்தினார்கள். நெல் விலை, உரம், மாட்டு நோய், அரசுத் திட்டங்கள், மருத்துவமனை விவரம், தேர்வு முடிவுகள் என்று ஊர் எதைக் கேட்டதோ அதைத் தேடித் தந்தார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஓர் இதழும் வந்தது.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே முதலில் தேவைப்பட்டது கடலின் நிலைமை. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரம் குறித்த முன்கணிப்பு வெளியாகும். அதை வில்லியனூரில் எடுத்து, தமிழாக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் கடற்கரை முழுதும் கேட்கும்படி சொல்வார்கள். வல்லரசின் போர்க்கப்பல்களுக்காகச் செய்த கணிப்பு, கட்டுமரக்காரரின் காதில் தமிழில் போய் விழுந்தது. இதைக் கேள்விப்பட்டு வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் வந்து எழுதின. 2001-இல் ஸ்டாக்ஹோம் சவால் விருதும் கிடைத்தது.

வில்லியனூர் நடுவத்துக்கு ‘மதிப்புக் கூட்டும் மையம்’ என்று அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். முந்திரிப் பருப்புக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பயன்படுத்தும் வணிகச் சொல் அது. ஆனாலும் பொருத்தமான சொல் என்றே படுகிறது. அலை இத்தனை மீட்டர் என்பது வெறும் எண். அது இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா, கூடாதா என்ற முடிவாக மாற வேண்டும். நடுவிலிருந்து ஒருவர் அந்த மாற்றத்தைச் செய்தார். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றவரும் அதே ஊர்க்காரர். தவறாகச் சொன்னால் மறுநாள் காலையில் அவர் முகத்தைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள். கூட்டப்பட்ட மதிப்பில் பாதி அந்த அச்சத்திலிருந்தே வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2004 டிசம்பர் 26 அன்று இந்த ஏற்பாட்டின் பயன் நல்லவாட்டில் தெரிந்தது. அந்த மீனவர் ஊரைச் சேர்ந்த, முன்பு தகவல் மையத்தில் தொண்டராக இருந்த ஓர் இளைஞர், அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். செய்தி கிடைத்தவர்கள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கரையை விட்டு ஓடினார்கள். படகுகளும் வீடுகளும் போயின, உயிர்கள் தப்பின. அந்த அழைப்பு அன்று ஒரு வீட்டுக்கு மட்டும் வந்திருந்தால் ஒரு வீடு தப்பியிருக்கும். ஊருக்கே வந்தது. அதற்கு மூன்று பேர் வேண்டியிருந்தார்கள்: யாரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்த ஒருவர், அதை எடுத்துக் கேட்ட ஒருவர், ஒலிபெருக்கியைப் போட்டுச் சொன்ன ஒருவர். கருவிகளைப் பற்றிய பேச்சில் இந்த மூவரும் எப்போதும் விடுபட்டுப் போகிறார்கள்.

இந்தத் திட்டத்தைப் பொற்காலம் போல் நான் காட்டப் போவதில்லை. அது சில ஊர்களில் நடந்தது, எல்லா ஊர்களிலும் இல்லை. வெளிநாட்டு நிதியைச் சார்ந்திருந்தது. படித்த இளைஞர்கள் ஊதியமில்லாமல் எத்தனை நாள் மையத்தில் உட்காருவார்கள்? வேலை கிடைத்ததும் போனார்கள். சிங்கப்பூருக்குப் போன அந்த இளைஞரே அதற்குச் சான்று. பிறகு கைபேசி மலிந்தது. மலிந்தது நல்லதும்கூட.

கேரளத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர், வடகேரள மீனவர்களிடம் கைபேசி வந்ததால் என்ன நடந்தது என்று ஆராய்ந்து 2007-இல் எழுதினார். 1997 ஜனவரியில் ஒரு நாள் காலை வடகரையில் பதினொரு மீனவர்கள் மத்தி மீனை வாங்க ஆளில்லாமல் கொட்டிவிட்டுப் போனார்கள். அதே நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இருந்த கரைகளில் மீன் கிடைக்காமல் வாங்குவோர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கைபேசி வந்தபின், கரையை அடையும் முன்பே எங்கே விலை நன்றாக இருக்கிறது என்று மீனவர் கேட்டுக்கொண்டார். மீன் வீணாவது ஏறத்தாழ நின்றது. மீனவரின் ஆதாயம் நூற்றுக்கு எட்டு கூடியது, வாங்குவோருக்கு விலை நூற்றுக்கு நான்கு குறைந்தது. ஒலிபெருக்கியால் இதைச் செய்ய முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு பெண் தன் உடம்பில் உள்ள நோயைப் பற்றி ஊர்மையத்தில் போய்க் கேட்பதைவிடத் தன் கைபேசியில் கேட்பது எத்தனையோ மேல். ஊர் முழுதும் ஒன்றாகக் கேட்பதில் பாதுகாப்பும் உண்டு, கண்காணிப்பும் உண்டு. கண்காணிப்பிலிருந்து தப்பிக்க விரும்பியவர்கள், குறிப்பாகப் பெண்களும் ஒடுக்கப்பட்டவர்களும், கைபேசியை வரவேற்றதில் வியப்பில்லை.

ஆகவே என் வழக்கு கைபேசிக்கு எதிரானதன்று. விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் மீனவர் தானே கேட்கிறார்; கேட்டது கிடைத்ததா என்பது அவருக்கே தெரியும். சிக்கல் மறுதிசையில். அரசும் நிறுவனங்களும் மக்களுக்குச் சொல்ல வேண்டியதை, கொடுக்க வேண்டியதை, கைபேசி வழியாக அனுப்பிவிட்டுக் கடமை முடிந்ததாகக் கணக்கெழுதுகிற இடத்தில்தான் என் புகார் தொடங்குகிறது.

அரிசிக் கதையைப் பார்ப்போம். 2015 செப்டம்பரில், நியாயவிலைக் கடை அரிசிக்குப் பதிலாகப் பணத்தை வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்தும் முறை இந்தியாவில் முதன்முதலாகச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் நடைமுறைக்கு வந்தது. கடையில் எடைக்குறைவு, தரகு, பதுக்கல் எல்லாம் ஒழியும் என்றார்கள். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. பழைய கடைகளின் யோக்கியதை நமக்குத் தெரியாததா? கார்த்திக் முரளிதரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் நிதி ஆயோக்கிற்காக இந்த மாற்றத்தை ஆராய்ந்தார்கள். அரசின் கணக்கில் பணம் போய்ச் சேராமல் திரும்பியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பயனாளிகளை நேரில் கேட்டபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பணம் வரவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. பணம் ஏதோ ஒரு கணக்குக்குப் போயிருக்கிறது. எந்தக் கணக்கு, எப்போது, எவ்வளவு என்பது சிவப்பு அட்டை வைத்திருக்கும் மூதாட்டிக்குத் தெரியவில்லை. பழைய கடன் பிடித்தத்தில் போயிருக்கலாம், மறந்துபோன வேறொரு கணக்கில் கிடக்கலாம். கடையில் அரிசி இல்லை என்றால் கடைக்காரரிடம் சண்டை போடலாம். குறுஞ்செய்தியோடு யார் சண்டை போடுவது?

பணமா அரிசியா என்ற பட்டிமன்றம் புதுச்சேரி அரசியலில் பல ஆண்டுகள் நடந்தது. நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி, கடைகள் மறுபடியும் திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். எனக்கு இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேச விருப்பமில்லை. வங்கிக்கு நடந்துபோக முடிந்தவர்களில் பணத்தையே விரும்பியவர்களும் உண்டு. ஆனால் கடைகளை மூடியபோது ஒன்றை மறந்துவிட்டார்கள். கடை என்பது அரிசி கிடைக்கும் இடம் மட்டுமன்று, ‘எனக்கு வரவில்லை’ என்று சொல்வதற்கான இடமும் அதுவே. அந்த இரண்டாவது பயனுக்கு மாற்று ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

வெள்ளத்தில் இதே கதை இன்னும் கடுமையாக நடக்கிறது. எங்கள் ஊர் சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது. செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி, வீடூர் அணையைக் கடந்து, எங்களைத் தாண்டி வில்லியனூர் வழியாகக் கடலுக்குப் போகிற ஆறு அது. ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் ஓடும். செல்லிப்பட்டுக்கும் பிள்ளையார்குப்பத்துக்கும் இடையே பிரெஞ்சுக்காரர் காலத்தில் கட்டிய படுகை அணை நூறாண்டைக் கடந்து நின்று, 2021 மழையில் உடைந்தது. எனவே மேலே எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பது எங்களுக்கு உயிர்ச் செய்தி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் நகரில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. அடுத்த நாள்களில் சங்கராபரணியும் தென்பெண்ணையும் பெருகின. தென்பெண்ணையின் மேலே சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 1-2 இரவில் விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்தார்கள். பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான் வந்தது. பிறகு தமிழ்நாட்டில் பெரிய வாக்குவாதம். முன்னறிவிப்பின்றித் திறந்தார்கள் என்றது ஒரு தரப்பு. ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம் என்றது அரசு. எச்சரிக்கைகள் போயிருக்கும் என்றே நான் நம்புகிறேன். தேதியும் நேரமும் போட்ட பதிவு அலுவலகத்தில் இருக்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை போனது என்பதற்கான சான்று அனுப்புகிறவரிடம் இருக்கிறது; வந்தது என்பதற்கான சான்று யாரிடம் இருக்கிறது? 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தபோதும் அடையாற்றங்கரையில் இதே கேள்விதான் எழுந்தது. ஒன்பது ஆண்டுகளில் கைபேசிகள் பல மடங்கு கூடியிருக்கின்றன. கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த இரவுகளில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மின்னேற்றம் மிச்சமிருந்தவர்களிடம் அலைவரிசை விட்டுவிட்டு வந்தது. வந்தபோது நாற்பது செய்திகள் ஒன்றாகக் கொட்டின. அவற்றில் அரசின் அறிவிப்பு எது, முந்தைய வெள்ளத்தில் எடுத்த படம் எது, யாரோ கிளப்பிவிட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா தன் பேத்தியிடம், “என்னா எழுதியிருக்குது, சத்தமாப் படி” என்றார். அந்தப் பெண் ஆங்கிலத்தில் இருந்ததை முழுங்கிவிட்டு, தமிழில் இருந்ததைப் படித்தாள். ‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு’ என்று வந்தது. “நாம தாழ்வா மேடா?” என்று ஆயா கேட்டார். அந்தக் கேள்விக்குக் கைபேசியில் பதில் இல்லை. ஆற்றோரத்துக் களத்துமேட்டைத் தாண்டித் தண்ணீர் வந்துவிட்டதா, பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருக்கிறார்களா என்று ஊர்ப்பெயரோடு, தெருப்பெயரோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

2023-இல் நாடு முழுதும் ஒரு புதிய எச்சரிக்கை முறையைச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் அக்டோபர் 20 அன்று எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் அலறின. ஒரு பகுதியில் இருக்கும் அத்தனை கருவிகளுக்கும், எண் தெரியாமலே, ஒரே சமயத்தில் செய்தி சேர்க்கும் முறை அது. நல்ல முறை. குறுஞ்செய்தியைவிட எவ்வளவோ மேல். அலறுகிறது என்பதே ஒரு முன்னேற்றம்தான், தூங்குகிறவரை எழுப்புமல்லவா? ஆனால் அந்தச் சோதனையிலும், எத்தனை பேருக்குப் புரிந்தது என்பதைவிட எத்தனை கருவிகள் அலறின என்பதே எளிதாக எண்ணக்கூடியதாக இருந்திருக்கும்.

கடைவீதியில் ஒரு வேடிக்கையைப் பார்க்கிறேன். தேநீர்க் கடையில், பூக்கடையில், கறிக்கடையில் எல்லாம் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் கைபேசியில் பணம் செலுத்தியதும், இத்தனை ரூபாய் வந்தது என்று தமிழில் உரக்கச் சொல்கிறது. வணிகர்கள் ஏன் அந்தப் பெட்டியை மாத வாடகை கொடுத்து வைத்துக்கொள்கிறார்கள்? வாங்குகிறவர் தன் திரையை நீட்டி “அனுப்பியாச்சு அண்ணே” என்று சொல்வதை அவர்கள் நம்பவில்லை. வந்து சேர்ந்ததைத் தம் காதால் கேட்டால்தான் பொட்டலத்தைக் கொடுப்பார்கள். வணிகருக்கு இந்த உரிமை இருக்கிறது. அரிசிப் பணம் வாங்கும் மூதாட்டிக்கு, வெள்ளச் செய்தி வாங்கும் ஆற்றங்கரைக்காரருக்கு அந்தப் பெட்டியை யாரும் செய்துதரவில்லை.

அந்தப் பெட்டியின் வேலையை இப்போது செய்கிறவர்கள் என் மாணவர்கள். இதைக் கல்லூரியில் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். “ஐயா, நாளைக்கு வர முடியாது, பாட்டியை வங்கிக்குக் கூட்டிட்டுப் போகணும், கைரேகை விழல” என்று ஒரு பெண் வருகிறாள். வயலிலும் செங்கல் சூளையிலும் தேய்ந்த விரல்கள் அவை. இயந்திரம் அவற்றை விரல்களாக ஏற்பதில்லை. இன்னொருவன் தன் வீட்டுக்கு மட்டுமல்லாமல் தெருவுக்கே எழுத்தராக இருக்கிறான். அடையாள அட்டைத் திருத்தம், முதியோர் உதவித்தொகை, எரிவாயு உருளைப் பதிவு, ஒருமுறைக் கடவுச்சொல் எல்லாம் அவன் கையில். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பெரியவர்களின் வங்கிச் செய்திகளைப் படித்துச் சொல்கிறார்கள். அலுவலகங்களில் எழுத்தர் வேலைகளைக் கணிப்பொறி குறைத்தது என்று புள்ளிவிவரம் காட்டுவார்கள். குறையவில்லை, சம்பளமின்றி வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதிலும் பெரும்பங்கு, படிக்கிற பெண்பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கிறது. இந்த வேலைக்கு வருகைப் பதிவேட்டில் நான் போடக்கூடிய குறி ‘வரவில்லை’ என்பது ஒன்றுதான்.

இனிச் செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்கிறார்கள். 2022-க்குப் பிறகு வந்த பேசும் இயந்திரங்கள் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேசிக் கேட்கலாம். தமிழாசிரியன் என்ற முறையில் அந்தத் தமிழைப் பற்றி எனக்குக் குறைகள் உண்டு, ஆனால் அது சிறிய விஷயம். ஆயாவுக்கு அகப்பொருள் இலக்கணம் தேவையில்லை. எனக்குள்ள கலக்கம் வேறு. இயந்திரம் ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொல்கிறது. வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியில் ஒருவர் தவறாகச் சொன்னால் ஐந்நூறு பேர் அதைக் கேட்டார்கள், அவர்களில் கடல் தெரிந்த ஒரு கிழவர் ‘இல்லையே, காற்று அப்படி அடிக்கவில்லையே’ என்று திருத்த இடமிருந்தது. தனிக்காதில் விழும் தவறை யார் திருத்துவது? பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு பதில் வந்திருக்கும், அது இவருக்குத் தெரியாது. பொய்ச் செய்தி பரவி ஆட்களை அடித்துக் கொன்ற பிறகுதான், 2018-இல், ஒரே செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒருசேர அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. பரவும் பொய்யையாவது பிடிக்க முடியும். பரவாமல் ஒருவரிடமே தங்கிவிடும் பொய்யைப் பிடிக்க வழியில்லை.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். ஒலிபெருக்கி என்றவுடன் ஆடி மாதத்துக் கூழ் ஊற்றும் திருவிழாவும் அரசியல் கூட்டமும் நினைவுக்கு வந்து காதைப் பொத்திக்கொள்வார்கள் நண்பர்கள். தேர்வுக்காலத்தில் நானே பொத்திக்கொண்டவன்தான். பேரிடருக்கென வைக்கும் கருவியை நாளைக்குக் கட்சிக்காரர் பிடித்துக்கொள்வார் என்றும் சொல்வார்கள். பிடித்துக்கொள்ளக்கூடும். அதற்காகக் கைபேசிச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது எனக்குச் சம்மதமில்லை.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமும் அன்று. வில்லியனூர்த் திட்டத்தில் ஊர் இடம் கொடுத்தது, நிறுவனம் கருவி கொடுத்தது. ஊதியம் மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அந்த ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். ஊருக்கு ஒருவர், முடிந்தவரை அந்த ஊர்ப் பெண், மாதச் சம்பளத்தோடு. வீடூரிலிருந்தும் சாத்தனூரிலிருந்தும் செய்தி புறப்பட்டால் முதலில் அவருக்கு வர வேண்டும். மின்கலத்தில் ஓடும் ஒலிபெருக்கி அவர் பொறுப்பில் இருக்க வேண்டும். எந்தெந்தத் தெருவில் எத்தனை மணிக்குச் சொன்னேன், யார் வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று அவர் திருப்பித் தகவல் அனுப்பியபிறகுதான் அலுவலகப் பதிவேட்டில் எச்சரிக்கை ‘கொடுக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும். மழையில்லாத மாதங்களில் உதவித்தொகை வராதவர்களின் பட்டியலை அவர் எடுக்கட்டும். என் மாணவி வகுப்புக்கு வரட்டும்.

இந்த வேலையைச் செய்ய வேண்டியவர் உண்மையில் ஊரின் உள்ளாட்சி உறுப்பினர். வீடு தெரிந்தவர், தெரு தெரிந்தவர், வாக்குக் கேட்டு மறுபடி வர வேண்டியவர். புதுச்சேரியில் 38 ஆண்டுகள் இடைவெளிக்குப் பிறகு 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-இல் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தாமலே ஆண்டுகள் கழிந்தன. 2015-இல் அரிசிக்குப் பதிலாகப் பணம் வந்தபோதும், 2021-இல் படுகை அணை உடைந்தபோதும், 2024-இல் ஃபெஞ்சல் வந்தபோதும் செல்லிப்பட்டில் கதவைத் தட்டிக் கேட்க ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. கொம்யூன் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே மனுவை வாங்கிக்கொண்டு, மேலே அனுப்பியாயிற்று என்றார்கள்.